பழைய வீட்டுச் சுவர் எதனால் ஆனது? உடைக்காமல் கண்டுபிடிக்கும் முறை

ஒரு இடத்தில் ஆணி அடித்தால் சுத்தியல் துள்ளித் திரும்புகிறது. ஒரு சாண் தள்ளி அடித்தால் அதே ஆணி இரண்டே அடியில் உள்ளே போய் ஆடுகிறது. ட்ரில்லிங் மெஷின் வைத்தால் 2 செ.மீ. வரை இறுகலாக இருந்துவிட்டு, பிறகு வெற்றிடத்துக்குள் பாய்கிறது. பழைய வீட்டை வாங்கியவர்களும் அதில் வாடகைக்கு வந்தவர்களும் முதல் வாரத்திலேயே இதைச் சந்திப்பார்கள். அலமாரி மாட்டுவது, குழாய்க்குக் காடி வெட்டுவது, சுவரை எடுத்துவிட்டு அறையைப் பெரிதாக்குவது என்று எந்த வேலையைத் தொடங்கினாலும், உள்ளே இருப்பது என்ன பொருள் என்று தெரிந்தாக வேண்டும்.

வெளியே தெரியும் பூச்சை வைத்துச் சுவரை எடைபோடுவதுதான் பலரும் செய்கிற தவறு. செங்கல், மண், மரச்சட்டம், நிலக்கரிச் சாம்பல் கட்டி எதுவானாலும் மேலே ஒரே மாதிரி பூசி வண்ணம் அடிக்கலாம். ஒரே வீட்டில் வெளிச்சுவர் கருங்கல்லாகவும், நடுச்சுவர் செங்கல்லாகவும், பிறகு தடுத்த அறைகள் ஜிப்சம் பலகையாகவும் இருப்பது சாதாரணம். ஆகவே சோதனையைச் சுவர் சுவராகச் செய்யுங்கள். சேதமே இல்லாத சோதனையை முதலிலும் துளை போடுவதைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வெவ்வேறு சோதனைகள் ஒரே விடையைத் தரும்வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கருவியை எடுக்கும் முன்

முதலில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். 1901 வாக்கில் ஆஸ்திரியரான லுட்விக் ஹாட்செக் கல்நாரையும் சிமெண்டையும் கலந்து தகடு செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, 20-ஆம் நூற்றாண்டு முழுக்க இந்தத் தகடு உலகெங்கும் சுவருக்கும் கூரைக்கும் போனது. பிரிட்டனில் 1999-லும், ஆஸ்திரேலியாவில் 2003 இறுதியிலும்தான் முழுத்தடை வந்தது. தடையே வராத நாடுகளும் இருக்கின்றன. தகட்டில் மட்டும் இல்லை, சில சொரசொரப்பான அலங்காரப் பூச்சுகளிலும், பலகை இணைப்புக்குப் பூசிய பட்டியிலும் (புட்டி), வெந்நீர்க் குழாயைச் சுற்றிய உறையிலும் இது இருக்கும்.

கண்ணால் பார்த்து கல்நாரை உறுதி செய்ய முடியாது. ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி வைத்துத்தான் சொல்ல முடியும். வீட்டில் நீங்கள் கடைப்பிடிக்க வேண்டிய விதி இது: சுவர் தட்டையான தகடாக இருந்து, அது மரமோ ஜிப்சமோ என்று உறுதியாகத் தெரியாமல் இருந்து, வீடும் தடைக்கு முந்தியதாக இருந்தால், அதைக் கல்நாராகவே நடத்துங்கள். துளை போடாதீர்கள், உப்புத்தாள் தேய்க்காதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். உடையாமல் வண்ணம் பூசியபடி இருக்கும் தகட்டைச் சீண்டாதவரை இழை காற்றில் பறக்கும் வாய்ப்பு குறைவு. மாதிரி எடுக்கப் பயிற்சி பெற்றவரை அழையுங்கள்.

இரண்டாவது ஈயம் கலந்த வண்ணம். அமெரிக்காவில் வீட்டு வண்ணத்தில் ஈயம் 1978-ல்தான் தடை செய்யப்பட்டது. அடுக்கடுக்காக ஐந்தாறு பூச்சு இருக்கும் பழைய ஆயில் பெயிண்டை உலர்ந்த நிலையில் சுரண்டினால் வரும் தூள் குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். சுரண்டத்தான் வேண்டுமென்றால் நீர் தெளித்து ஈரமாக்கிக்கொண்டு, நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

மூன்றாவது மின்சாரம். சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் துளை போடக் கூடாது. சுவர் மூலையிலிருந்தும் கூரையிலிருந்தும் 15 செ.மீ. விலகியே இருங்கள். பழைய வீட்டு வயர்கள் இந்த ஒழுங்கை மதிக்காமல் குறுக்காகவும் ஓடியிருக்கும். அதனால் மெயினை அணைத்துவிட்டு பேட்டரி ட்ரில் பயன்படுத்துவதே நல்லது.

தேவையானவை

மெல்லிய நூலில் கட்டிய சிறிய நியோடிமியம் காந்தம், நல்ல டார்ச், டேப், தடித்த ஊசி அல்லது போர்டு பின், 4 மி.மீ. கான்கிரீட் பிட், ட்ரில், நிறமுள்ள ஒட்டு நாடா, வெள்ளைத்தாள், இரண்டு கண்ணாடித் தம்ளர், கொஞ்சம் வினிகர், என்95 முகமூடி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமரா இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதன் முனை பெரும்பாலும் 5.5 அல்லது 8 மி.மீ. தான். மரச்சட்டத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மின்னணுக் கருவியைத் தடித்த பழைய பூச்சில் நம்ப வேண்டாம். பூச்சின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதையே அது சட்டம் என்று கூவும்.

படி 1: பூச்சு இல்லாத இடத்தைத் தேடுங்கள்

எந்த வீட்டிலும் கொத்தனார் பூசாமல் விட்ட இடம் ஒன்று இருக்கும். பரணுக்கு மேல் சுவர் முடியும் விளிம்பு, படிக்கட்டுக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குப் பின்னால், சுவரில் பதித்த அலமாரியின் உட்பக்கம், குழாய் சுவரைத் துளைத்து வெளியேறும் இடம், கூரை ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே. மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றி, பெட்டிக்கும் சுவருக்கும் உள்ள இடுக்கில் டார்ச் அடித்தால் அடுக்குகளின் குறுக்குவெட்டே தெரிந்துவிடும். இந்தப் படியை அரைமணி நேரம் பொறுமையாகச் செய்தால் துளையே தேவைப்படாமல் போகலாம்.

வெளிப்பக்கம் பூசாத செங்கல்லாக இருந்தால் வரிசையைப் பாருங்கள். நீளப்பக்கமும் குட்டைப்பக்கமும் மாறிமாறி வந்தால், பெரும்பாலும் அது உள்வரை கெட்டியான சுவர். நீளப்பக்கம் மட்டுமே தெரிந்து, சுவரோ 25 செ.மீ.க்கு மேல் தடிமனாக இருந்தால், நடுவில் சுமார் 5 செ.மீ. இடைவெளி விட்ட இரட்டைச் சுவராக இருக்க வாய்ப்பு அதிகம். வரிசை ஒவ்வொன்றும் வழக்கமான 7, 8 செ.மீ.க்குப் பதில் 11 செ.மீ. வாக்கில் உயரமாக இருந்தால், செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி உள்ளே குழி விட்டுக் கட்டிய எலிப்பொறிக் கட்டு அது. இது செங்கல்லை மிச்சப்படுத்தும், வெயிலையும் தடுக்கும். ஆனால் உள்ளே குழி இருப்பதை மறந்துவிட்டு நீள போல்ட் போட்டால் பிடிக்காது.

படி 2: தடிமனை அளங்கள்

கதவு நிலையிலோ ஜன்னலிலோ சுவரின் முழுத் தடிமனை அளந்து, இருபக்கப் பூச்சையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிலையின் அகலத்தை அளந்துவிட்டுச் சுவரின் அளவு என்று எழுதிவிட வேண்டாம். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கும்.

7 முதல் 10 செ.மீ. என்றால் கெட்டியான ஜிப்சம் கட்டி, மெல்லிய சாம்பல் கட்டி, அல்லது பலகைத் தடுப்பு. 11, 12 செ.மீ. என்றால் மரச்சட்டத்தின் இருபுறமும் ஜிப்சம் பலகை அடித்ததாக இருக்கலாம். 13 முதல் 15 செ.மீ. குழப்பமான அளவு. அரைச்செங்கல் சுவரும் பூச்சோடு இவ்வளவுதான் வரும், மரச்சட்டத்தில் ரீப்பர் (மெல்லிய மரப்பட்டை) அடித்துச் சுண்ணாம்பு பூசிய சுவரும் இவ்வளவுதான் வரும். 24 முதல் 30 வரை ஒரு முழுச்செங்கல், இரட்டைச் சுவர், எலிப்பொறிக் கட்டு மூன்றுக்கும் பொது. 35 செ.மீ.க்கு மேல் போனால் மண், கருங்கல், செம்புறாங்கல் அல்லது ஒன்றரைச் செங்கல். அடியில் தடித்து மேலே போகப்போக மெலியும் சுவரும், கூர்மையில்லாமல் மழுங்கிய மூலைகளும் கண்ணில் பட்டால் மண் சுவர் என்று சந்தேகப்படுங்கள்.

படி 3: தட்டு, காந்தம், ஊசி

விரல் முட்டியால் இடமிருந்து வலமாக ஒரே உயரத்தில் தட்டிக்கொண்டே போங்கள். எங்கும் ஒரே மந்தமான ஒலி வந்தால் கெட்டிச் சுவர். 40 செ.மீ. அல்லது 60 செ.மீ.க்கு ஒருமுறை ஒலி இறுகி, நடுவில் பறையடித்த மாதிரி ஒலித்தால் உள்ளே செங்குத்துச் சட்டங்கள் நிற்கின்றன. ஆனால் ஒழுங்கில்லாமல் அங்கங்கே மட்டும் கூடாக ஒலித்தால் பொருள் வேறு. கெட்டிச் சுவரிலிருந்து பூச்சு பிரிந்து நிற்கிறது என்பதன் அடையாளம் அது. கையால் அழுத்தினால் லேசாக அசையும். புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.

அடுத்து நூலில் தொங்கும் காந்தத்தைச் சுவரை ஒட்டி மெதுவாக இழுங்கள். ஒட்டும் இடமெல்லாம் பென்சிலால் புள்ளி வையுங்கள். புள்ளிகள் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில், 4, 5 செ.மீ.க்கு ஒன்றாக நெருக்கமாக வந்தால் ஒவ்வொரு ரீப்பரிலும் ஓர் ஆணி அடித்திருக்கிறார்கள். ரீப்பர்மேல் பூசிய சுவருக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. அதே கோடு 15 முதல் 30 செ.மீ.க்கு ஒரு புள்ளியாக இருந்தால் ஜிப்சம் பலகையின் ஆணி அல்லது திருகு. சுவரின் எந்த இடத்தில் வைத்தாலும் காந்தம் இழுத்தால் பூச்சுக்குள் இரும்பு வலை இருக்கிறது. குளியலறையிலும், மூலைகளிலும், வளைவுகளிலும் இந்த வலையை அதிகம் பார்க்கலாம்.

போர்டு பின்னைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். எளிதாக முழுக்க இறங்கினால் நார்ப்பலகை. சற்று அழுத்தத்தோடு இறங்கினால் ஜிப்சம் பலகை. வண்ணத்தோடு நின்றுவிட்டால் சுண்ணாம்பு அல்லது சிமெண்ட் பூச்சு. தட்டினால் ஓட்டுச்சில் போல் கணீரென்று ஒலிக்கும் மெல்லிய தகட்டில் பின் இறங்காமல் வழுக்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அது கல்நார் சிமெண்டாக இருக்கலாம். இணைப்புகளின் மேல் மறைப்புப் பட்டை அடித்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

படி 4: துளை

ட்ரில்லில் அடித்துத் துளைக்கும் ஹாம்மர் விசையை அணைத்து வையுங்கள். வேலையைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான். உள்ளீடற்ற சுடுமண் கட்டியின் ஓடு 15, 20 மி.மீ. தடிமன்தான். ஹாம்மர் அடியில் அது உட்பக்கம் கை அகலத்துக்கு உடைந்து விழும், வெளியே 4 மி.மீ. துளை மட்டும் தெரியும். ரீப்பர்மேல் பூசிய சுவரில் ரீப்பர்களின் பின்னால் பிதுங்கி இறுகிய சாந்துக் கொண்டிகள்தான் பூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதிர்ச்சியில் அவை முறிந்தால் பூச்சு சில மாதம் கழித்துப் பாளமாக இறங்கும், காரணமும் புரியாது.

பிட்டின்மேல் 1 செ.மீ.க்கு ஒன்றாக நாடா சுற்றுங்கள். துளைக்குக் கீழே வெள்ளைத்தாளை மடித்து ஒட்டித் தூளைப் பிடியுங்கள். ஒவ்வொரு செ.மீ.க்கும் நிறுத்தி, தூளின் நிறத்தையும் எதிர்ப்பையும் எழுதி, தாளைத் தட்டி மாற்றுங்கள். ஒரு துளை போதாது. அது செங்கல் இணைப்பில் விழுந்துவிட்டால் வெறும் சாந்து மட்டுமே வரும், சுவர் முழுக்கச் சுண்ணாம்பு என்று நினைத்துவிடுவீர்கள். மூன்று துளை போடுங்கள். இரண்டாவது பக்கவாட்டில் 7 செ.மீ. தள்ளி, மூன்றாவது மேலே 4 செ.மீ. தள்ளி. அலமாரி மறைக்கும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தால் பிறகு தெரியாது.

முதல் சில மி.மீ. வண்ணமும் பட்டியும் என்பதால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு வருவதைப் பாருங்கள்.

மிக நைசான வெள்ளைத் தூள், பிட்டின் பள்ளத்தில் அப்பிக்கொண்டால் ஜிப்சம். வெள்ளை அல்லது பழுப்பு வெள்ளையில் மணலும், நடுநடுவே கட்டிபோன சுண்ணாம்புப் பொட்டுகளும் இருந்தால் சுண்ணாம்புக் காரை. நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், பிட் சூடாகும் அளவுக்கு இறுகலாக இருந்தால் சிமெண்ட் அல்லது கான்கிரீட். சிவப்புத் தூள் தொடர்ந்து வந்தால் செங்கல், 2 செ.மீ.யில் வெற்றிடத்துக்குள் பாய்ந்து மறுபடி சிவப்பாக வந்தால் உள்ளீடற்ற சுடுமண் கட்டி. பழுப்பு அல்லது மஞ்சள் தூள் எதிர்ப்பே இல்லாமல், லேசாக ஈரத்தோடு, எவ்வளவு ஆழம் போனாலும் மாறாமல் வந்தால் மண். கறுப்பும் கருஞ்சாம்பலுமாக, கண்ணாடி மாதிரி மின்னும் துகளோடு வந்தால் நிலக்கரிச் சாம்பல் கட்டி. தூளுக்குப் பதில் சுருள் வந்து, கருகல் வாசம் அடித்தால் மரம்.

பிட் எதையோ கவ்விக்கொண்டு கையை முறுக்கினால் இரும்பு வலை. வேகத்தைக் குறைத்து, இரும்புக்கான பிட்டுக்கு மாற்றுங்கள்.

படி 5: சில்லுகளைத் தண்ணீரிலும் வினிகரிலும் போடுங்கள்

உரிந்த இடத்திலிருந்து பட்டாணி அளவு சில்லு இரண்டு மூன்று எடுத்தால் போதும். வண்ணத்தையும் வெள்ளையடிப்பையும் முழுக்கச் சுரண்டிவிட்ட பிறகே சோதிக்க வேண்டும். வெள்ளையடித்த சுண்ணாம்பு எந்தச் சில்லையும் நுரைக்க வைத்துவிடும்.

முதல் தம்ளரில் வெறும் தண்ணீர். சில்லு அரைமணிக்குள் கரைந்து சேறாக அடியில் படிந்தால் மண் அல்லது மண் சாந்து. சுண்ணாம்பும் சிமெண்டும் அப்படியே கிடக்கும். ஜிப்சம் மென்மையாகி நகத்தால் கீறவரும், ஆனால் சேறாகாது. மிதந்தால் காற்றுக்குமிழ் கான்கிரீட் அல்லது எரிமலை நுரைக்கல். காற்றுக்குமிழ் கான்கிரீட் 1920-களில் ஸ்வீடனில் உருவானது, ஒரு கனமீட்டர் 400 முதல் 700 கிலோதான் இருக்கும். வெட்டுமுகத்தில் ஊசிமுனை அளவுக் குமிழ்கள் ஒரே சீராகத் தெரியும்.

இரண்டாவது தம்ளரில் வினிகர். இறுகிய சுண்ணாம்புக் காரை சுறுசுறுப்பாகக் குமிழ் விடும். ஜிப்சம் பெரும்பாலும் சும்மா கிடக்கும். பழைய சிமெண்டும் கொஞ்சம் குமிழ் விடும் என்பதால், இந்தச் சோதனையால் ஜிப்சத்தைப் பிரிக்கலாமே தவிர, சுண்ணாம்பையும் சிமெண்டையும் பிரிக்க முடியாது. அதற்கு இரும்பு ஆணிதான் நல்லது. ஆணியால் கீறினால் சுண்ணாம்பில் பள்ளம் விழும், சிமெண்டில் கோடு மட்டும் விழும். இன்று பயன்படுத்தும் போர்ட்லண்ட் சிமெண்ட் காப்புரிமை பெற்றதே 1824-ல்தான், பரவலானது அதற்கும் வெகு காலம் கழித்து. அதற்கு முந்திய வீட்டில் சிமெண்ட் பூச்சு தென்பட்டால் அது பிற்காலப் பழுது.

எளிதில் ஏமாற்றும் சில சுவர்கள்

ரீப்பர்மேல் பூசிய சுவரில், சுமார் 6 மி.மீ. தடிமனும் 25 முதல் 38 மி.மீ. அகலமும் உள்ள ரீப்பர்களைக் கிடையாக, இடைவெளி விட்டு அடித்து, மூன்று தடவையாகச் சாந்து பூசியிருப்பார்கள். மொத்தப் பூச்சு 2 செ.மீ. வாக்கில் வரும். துளை ஒரு இடத்தில் இறுகலாகவும் 2 செ.மீ. மேலே காலியாகவும் இருக்க இதுதான் காரணம். 1920-களுக்குப் பிறகு ரீப்பருக்குப் பதில் சுமார் 40 × 120 செ.மீ. அளவுள்ள சிறு ஜிப்சம் பலகைகளை அடித்து, அதன்மேல் 1 செ.மீ.க்கு மேல் பூசும் வழக்கம் வந்தது. சில பலகைகளில் வரிசையாகத் துளை இருக்கும். சாய்வாக டார்ச் அடித்தால் அந்த வரிசை சுவரில் மெல்லிய மேடுகளாகத் தெரியும். வெறும் ஜிப்சம் பலகை என்று நினைத்து அதற்கான மெல்லிய பிளக்கை (திருகைப் பிடிக்கத் துளையில் செருகும் உறை) இதில் போட்டால், மொத்தத் தடிமன் ஒத்துவராமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நிலக்கரிச் சாம்பல் கட்டி கெட்டியானதுதான், ஆணியைக்கூட நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதில் எரியாத கரியும் கந்தகமும் மிச்சம் இருக்கும். ஓதம் ஏறினால் உள்ளே பதித்த இரும்புக் குழாயும் கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கும், கட்டியும் வீங்கும். குளியலறையை ஒட்டிய சாம்பல் கட்டிச் சுவரில் கிடையான விரிசல் ஓடினால் முதலில் கசிவைத் தேடுங்கள்.

மரச்சுருளைச் சிமெண்டில் தோய்த்து அழுத்திய பலகை உண்டு. பூச்சு உரிந்த இடத்தில் சிக்கலான நாராகத் தெரியும். வைக்கோலை அழுத்தித் தடித்த காகிதம் ஒட்டிய 5 செ.மீ. பலகையும் உண்டு. உலர்ந்திருக்கும்வரை இரண்டுமே நன்றாக நிற்கும். வைக்கோல் பலகை மட்டும் ஒருமுறை நனைந்தால் மறுபடி இறுகாது, கூழாகிவிடும். துளையில் வைக்கோல் வந்தாலே அதைச் சுற்றித் தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள்.

மணல் சேர்க்காமல் சரளையும் சிமெண்டும் மட்டும் வைத்து வார்த்த கான்கிரீட் வீடுகள் உண்டு. பிட் ஒரு கல்லில் மோதி வழுக்கி, பக்கத்துப் பொந்துக்குள் ஓடும். துளை எப்போதும் கோணலாகவே விழும். இதைப் பலரும் தரங்கெட்ட கான்கிரீட் என்று தப்பாகச் சொல்வார்கள். வேண்டுமென்றே அப்படி வார்த்ததுதான்.

கருங்கல் சுவரில், இரு முகத்திலும் பெரிய கல்லும் நடுவில் சில்லும் மண்ணும் நிரப்பியிருப்பார்கள். முகக் கல்லைத் துளைத்த பிறகு பிட் திடீரென்று இளகினால் அந்த நிரப்பலுக்குள் போயிருக்கிறது. குழாய்க்காக ஒரு கல்லைப் பெயர்த்தால் நடுவிலிருக்கும் நிரப்பல் சரிந்து கொட்டும். இரு முகத்தையும் இணைக்கும் நீளக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இந்தச் சுவரில் கை வைக்கக் கூடாது. செம்புறாங்கல் சிவப்பாக இருப்பதால் தூளில் செங்கல்லாகத் தோன்றும். உரித்துப் பார்த்தால் ஒழுங்கற்ற பொந்துகளும், மஞ்சள் களிமண் திட்டுகளும் தெரியும். கடலோரப் பகுதிகளில் பவளக்கல் சுவரும் உண்டு. வினிகரில் நன்றாகப் பொங்கும், உள்ளே ஒழுங்கான நுண்குழாய் அமைப்பு இருக்கும், உப்பு பூத்துக்கொண்டே இருக்கும்.

மண் சுவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தெரியாமல் செய்யும் பழுது அதிகம் கெடுப்பது இதைத்தான். திமிசுக்கட்டையால் இடித்துக் கட்டிய சுவரில் 10, 15 செ.மீ.க்கு ஒரு கிடைக்கோடு தெரியும். பிசைந்து அடுக்கிய சுவரில் கோடு அவ்வளவு ஒழுங்காக இருக்காது, வைக்கோல் துணுக்கு கலந்திருக்கும். பச்சைச் செங்கல்லில் கட்டியதில் கல் வடிவம் தெரியும், ஆனால் கல்லும் சாந்தும் ஒரே நிறம். மரச்சட்டத்துக்கு நடுவே மிலாறு பின்னி மண் அப்பிய தட்டிச் சுவர் 10, 15 செ.மீ.தான் இருக்கும், துளையில் மண்ணும் குச்சியும் மாறிமாறி வரும். இவை எல்லாமே ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுக்கொண்டுதான் நிலைக்கின்றன. மேலே சிமெண்ட் பூசினால் விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அடியில் தேங்கும். வெளியே பூச்சு கம்பீரமாக நிற்க, உள்ளே அடிச்சுவர் சேறாகிவிடும். மண் என்று தெரிந்த சுவரில் சிமெண்ட் பூச்சு இருந்து, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் துளை போட்டபோது ஈரமண் பிட்டில் ஒட்டிவந்தால், அந்தச் சுவரில் வேறு எந்த வேலையையும் தொடங்காமல் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

தெரிந்த பிறகு: மாட்டுவதும் வெட்டுவதும்

சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவரில் பிளக்கைச் செங்கல்லின் நடுவே போடுங்கள். இணைப்பில் போட்டால் காரை பொலபொலவென உதிர்ந்து இளகும். ரீப்பர்ச் சுவரில் கனமான எதையும் செங்குத்துச் சட்டத்தில்தான் திருக வேண்டும், பூச்சின் தடிமனையும் ரீப்பரையும் தாண்டிச் சட்டத்துக்குள் 3 செ.மீ.யாவது இறங்கும் நீளத் திருகு தேவை. உள்ளீடற்ற கட்டியில் பின்னால் விரியும் டாகிள் போல்ட் போடலாம். காற்றுக்குமிழ் கான்கிரீட்டுக்கென்றே விற்கும் அகன்ற புரியுள்ள பிளக் இல்லாமல் அதில் எதுவும் நிற்காது. மண் சுவரில் பிளக்கே வேண்டாம். தரையிலிருந்து நிற்கும் சட்டம் அடித்து அதில் மாட்டுங்கள்.

காடி வெட்டுவதற்கு பிரிட்டிஷ் நடைமுறையில் ஒரு வரம்பு உண்டு. கெட்டியான சுவரில் செங்குத்தாக வெட்டினால் தடிமனில் 3-ல் ஒரு பங்கு, கிடையாக வெட்டினால் 6-ல் ஒரு பங்கு ஆழத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 10 செ.மீ. சுவரில் கிடைக்காடி 1.6 செ.மீ.க்குமேல் போகக் கூடாது. உள்ளீடற்ற கட்டியிலும் எலிப்பொறிக் கட்டிலும் இந்தக் கணக்கைப் போடக் கூடாது. அங்கே வெளி ஓடு வெட்டுப்பட்டாலே பாரம் தாங்கும் பகுதி போய்விடுகிறது. குழாயை வெளியே ஓட்டிவிட்டு மூடிபோட்டு மறைப்பதுதான் அங்கே புத்திசாலித்தனம்.

மெல்லியதாக இருக்கிறது, தட்டினால் கூடாக ஒலிக்கிறது என்பதால் ஒரு சுவர் பாரம் தாங்கவில்லை என்று ஆகிவிடாது. மரச்சட்டச் சுவர்கள் மேல்மாடித் தரையைத் தாங்குவது உண்டு. தடுப்பாகக் கட்டிய சுவர்கூட, மேலே உள்ள உத்தரம் ஆண்டுக்கணக்கில் தொய்ந்து உட்கார்ந்ததால் தாங்கும் சுவராக மாறியிருக்கும். மேல்தளத்து உத்தரங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன, அதே கோட்டில் மேலேயும் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். இடிப்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பொறியாளர்தான்.

குறித்துவைத்தல், துளையை மூடுதல்

வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து ஒவ்வொரு சுவருக்கும் ஓர் எண் கொடுங்கள். எண்ணுக்கு நேரே தடிமன், காந்தப் புள்ளிகளின் இடைவெளி, ஒவ்வொரு செ.மீ.யிலும் வந்த தூள், தம்ளரில் நடந்தது ஆகியவற்றை எழுதுங்கள். தெரியாத சுவருக்குத் "தெரியவில்லை, தொடக் கூடாது" என்றே எழுதி வையுங்கள். தூளைச் சிறு உறைகளில் எண்ணோடு போட்டு வைத்தால், பின்னால் வரும் பொறியாளரோ எலக்ட்ரீஷியனோ மறுபடி துளைக்க வேண்டியிருக்காது.

துளைகளை அந்தந்தப் பொருளாலேயே அடையுங்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பும் மணலும், மண் சுவருக்குச் சலித்த மண்ணைப் பிசைந்து, ஜிப்சத்துக்கு ஜிப்சம் பட்டி. அடைப்பதற்கு முன் சுண்ணாம்பிலும் மண்ணிலும் துளைக்குள் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். உலர்ந்த சுவர் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அடைப்பு சுருங்கி உதிர்ந்துவிடும்.